குழந்தையின் தேகத்தை நர்ஸ் பரிசோதிக்கும் முறை

பெரியவர் ஒருவர் சுரமென்று துணை சுகாதார நிலையத்திற்குப் போனால் ஐந்து நிமிஷத்தில் பார்த்து அனுப்பிவிடுகிற நர்ஸ் அம்மாள், கைக்குழந்தையைக் கொண்டுபோனால் மாத்திரம் அதன் சட்டையை விலக்கிவிட்டு, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றும், மருந்து கொடுக்கவேண்டிய நேரம் இவ்வாறு வீணாகிறதென்றும் குறை கூறுவோர் கிராமங்களில் உண்டு. வீணாவதாகத் தோன்றும் அந்த ஒரு நிமிஷமே அன்று அக்குழந்தைக்குச் செய்யப்படும் பரிசோதனைகளில் மிக முக்கியமானது. பெரியவர்களுக்குரிய முறையையே குழந்தைக்கும் கையாண்டால் உயிருக்குத் தீங்கு நேரவும் கூடும். இதன் காரணங்களை நமது சங்க அங்கத்தினர்கள் அறிந்திருப்பது அவசியமாகையால் அவற்றை இங்கே சற்று விரிவாக எடுத்துரைக்கிறோம்.

குழந்தை என்பது உருவத்திற் சிறுத்த மனிதனன்று. நாற்றங்காலிலுள்ள நாற்றும், கதிர் முற்றி நிற்கும் பயிரும் ஒரே நெல்லாயினும், பாய்ச்சும் நீரின் அளவும் நோய் முதலில் தென்படும் இடமும் இரண்டுக்கும் வேறென்பதை உழவர்களுக்கு நாம் சொல்லவேண்டுவதில்லை. பிறந்த சிசுவின் தலை அதன் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவருக்கோ எட்டில் ஒரு பங்கு. சிசுவின் எடையில் ஏறக்குறைய முக்காற்பங்கு நீர். வளர்ந்தவருக்கு நூற்றுக்கு அறுபது பங்கு. எடைக்கு எடை ஒப்பிட்டுப் பார்த்தால் சிசு செலவழிக்கும் பிராணவாயு பெரியவர் செலவழிப்பதைப்போல் சுமார் இரு மடங்கு. மூன்று கிலோ எடையுள்ள சிசுவின் தேகத்தில் ஓடும் இரத்தம் முழுவதையும் சேர்த்தாலும் ஏறக்குறையக் கால் லிட்டரே. செலவு பெரிது, கையிருப்பு சிறிது. ஆதலின் பெரியவர் ஒருவர் இரண்டு நாள் படுத்தெழுந்து சமாளித்துவிடும் பேதியினால் கைக்குழந்தை சில மணி நேரத்திலேயே ஆபத்தான நிலையை அடையலாம்.

பெரியவரைப் பரிசோதிக்கையில் நர்ஸ் தலையில் தொடங்கிப் பாதம்வரை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகிறார். நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டுகிறார்கள். மூச்சை இழுத்துவிடச் சொன்னால் இழுத்துவிடுகிறார்கள். குழந்தையிடம் இவ்வரிசை செல்லாது. தொண்டையைப் பார்ப்பதற்காக வாயைத் திறந்தவுடனே அது அழத்தொடங்கும். அழத்தொடங்கிய பின்னர் மூச்சை எண்ணுவதோ, இருதய ஒலியைக் கேட்பதோ, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதோ பயன் தராது. ஆகையால் எவற்றுக்கு அமைதி வேண்டுமோ அவற்றை முதலிலும், அச்சமும் நோவும் தருபவற்றைக் கடைசியிலும் வைத்துக்கொள்வதே குழந்தைப் பரிசோதனையின் ஒழுங்கு. தூங்குகிற குழந்தையாயின் எழுப்பாமலே மூச்சை எண்ணிவிடுவார். பின்னர் ஸ்டெதாஸ்கோப்பைத் தம் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி மார்பில் வைப்பார். காதும் தொண்டையும் எல்லாவற்றிற்கும் பிந்தியவை. காதைப் பார்ப்பதிலுங்கூட முறை வேறு. பெரியவரின் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துவாரம் நேராகும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கீழும் பின்னுமாக இழுக்கவேண்டும்.

குழந்தையை மேஜையின்மேல் கிடத்தும்படி எல்லா நர்ஸுகளும் சொல்வதில்லை. தாயின் மடியே போதுமான பரிசோதனை மேஜை. ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு அறிந்த முகமும் அறியாத முகமும் தெரியத் தொடங்கிவிடுகின்றன. மடியிலிருந்து பிரித்தெடுத்தால் பரிசோதனையும் அதனுடனே முடிந்துபோகும். சிறு குழந்தையிடம் கருவியைக் கொடுத்துச் சிறிது விளையாடவிட்டு, முதலில் தாயின் கையிலோ பொம்மையின் வயிற்றிலோ வைத்துக் காட்டிவிட்டுப் பிறகு அதன் மார்பில் வைக்கும் நர்ஸைப் பார்த்து யாரும் நகைக்கவேண்டா. அவர் அரை நிமிஷம் செலவிட்டுப் பத்து நிமிஷத்தை மிச்சப்படுத்துகிறார். இவ்விடத்தில் ஒரு சொல். அடம் பிடிக்கும் குழந்தையிடம், நர்ஸ் வந்து ஊசி போட்டுவிடுவார் என்று பயமுறுத்தும் வழக்கம் நம் வீடுகளில் பெருகியிருக்கிறது. அந்தப் பயமுறுத்தலின் பலன் வீட்டிலே தெரிவதில்லை. நோயுற்ற நாளில் நர்ஸைக் கண்டவுடனே குழந்தை அலறி, எண்ண வேண்டிய மூச்சை எண்ணமுடியாமற் செய்துவிடும்போதுதான் தெரிகிறது.

இனி, அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றிக் கூறுவோம். ஓய்விலிருக்கும் பெரியவர் நிமிஷத்திற்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை சுவாசிக்கிறார். தம் மூச்சை ஒருவர் எண்ணுகிறார் என்று அறிந்தால் அவரையறியாமலே அதன் வேகம் மாறிவிடும். ஆகையால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மார்பைக் கவனித்து, அரை நிமிஷம் எண்ணி இரட்டிப்பது உண்டு. கைக்குழந்தையிடம் அரை நிமிஷக் கணக்கு உதவாது. சிசுவின் சுவாசம் சீராக ஓடுவதன்று. சில மூச்சுகள் விரைந்து வரும், பிறகு சில வினாடிகள் ஓய்ந்து நிற்கும், மீண்டும் விரையும். இது நோயன்று, இயல்பே. ஆனால் விரைந்த பகுதியை மாத்திரம் எண்ணினால் இல்லாத நோயைக் கண்டதாகும். ஓய்ந்த பகுதியை மாத்திரம் எண்ணினால் உள்ள நோயைத் தவறவிட்டதாகும். எனவே முழு நிமிஷம் எண்ணியே தீரவேண்டும். வயிற்றைப் பார்ப்பதற்கும் காரணமுண்டு. சிசுவின் விலாவெலும்புகள் பெரியவருடையவைபோற் சாய்ந்திராமல் ஏறக்குறையக் கிடையாக அமைந்திருப்பதால், மார்பு விரிந்து சுவாசிப்பது குறைவு. உதரவிதானமே பெரும்பாலும் வேலை செய்கிறது. ஆதலின் ஏறி இறங்குவது வயிறு. பால் குடிக்கும்போதும் அழும்போதும் எண்ணுவது தவறு.

எண்ணிக்கை எவ்வளவானால் ஆபத்து என்பதற்கு வயதுக்குத் தக்கபடி மூன்று அளவுகள் இருக்கின்றன. இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு நிமிஷத்திற்கு 60-ம் அதற்கு மேலும். இரண்டு மாதம் முதல் ஒரு வயது நிறையும்வரை 50-ம் அதற்கு மேலும். ஒரு வயது முதல் ஐந்து வயது நிறையும்வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அதனை வேகமூச்சு என்று கொள்வர். இருமலோ மூச்சுத் திணறலோ உள்ள குழந்தைக்கு வேகமூச்சும் இருக்குமாயின் நிமோனியா என்னும் கபவாத சுரம் கண்டிருப்பதாகக் கொண்டு சிகிச்சை தொடங்கவேண்டும். சிசுவுக்கு 60 என்று தோன்றினால், முன்பு சொன்ன ஏற்றத்தாழ்வு காரணமாக, நர்ஸ் இரண்டாம் முறையும் எண்ணி உறுதிப்படுத்திக்கொள்வார்.

இவ்வளவுகள் எங்கிருந்து வந்தன என்பது நம்மவர் அறியத்தக்கது. எக்ஸ்ரேயும் டாக்டரும் எட்டாத இடங்களில், இருமுகிற நூறு குழந்தைகளுள் நிமோனியா கண்டவை எவை என்று பிரித்தறிவது எப்படி என்பதே நெடுநாள் பிரச்னையாக இருந்தது. பாப்புவா நியூகினியில் பணியாற்றிய பிராங்க் ஷான் என்னும் டாக்டரும் அவருடன் உழைத்தவர்களும், மூச்சை எண்ணியே பெரும்பாலும் இதனைப் பிரித்துவிடலாமென்று 1984-ல் வெளியிட்டனர். அடுத்து நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர்கள் செரியன், ஜேக்கப் ஜான் முதலியோர் இவ்விஷயத்தை ஆராய்ந்து, எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவு பொருந்தாதென்றும், ஒரு வயதுக்குட்பட்டவர்களுக்கு 50-க்கு மேலும், ஒன்று முதல் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு 40-க்கு மேலும் என்று வயதுக்கு வயது வேறு அளவு கொள்வதே சரியென்றும் 1988-ல் லான்செட் பத்திரிகையில் எழுதினர். உலக சுகாதார ஸ்தாபனம் இத்தகைய வயதுவாரியான அளவுகளைப் பின்னர் எங்கும் பரப்பிற்று. எனவே நமது துணை நிலையத்தில் நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து எண்ணும் எண்ணிக்கையில், வடவார்க்காட்டுக் குழந்தைகள் பலரின் மூச்சும் சேர்ந்திருக்கிறதென்று சொன்னால் மிகையாகாது.

எண்ணிக்கையோடு இன்னொன்றையும் அவர் பார்க்கிறார். மூச்சை உள்ளே இழுக்கும்போது, விலாவின் கீழ்ப்பகுதி வெளியே விரியாமல் உள்ளே குழிந்து போகிறதா என்பதே அது. குழந்தையின் நெஞ்சுக்கூடு மெல்லிய குருத்தெலும்பால் ஆகியிருப்பதால், சுவாசாசயம் இறுகி விரிய மறுக்கும்போது விலாப்பக்கமே உள்வாங்கிக்கொள்கிறது. இறுகிய எலும்புடைய பெரியவரிடம் இது இவ்வளவு எளிதில் தோன்றாது. சட்டையை விலக்காமல் இதனைக் காணமுடியாதாகையால், குளிர்காற்று பட்டுவிடுமென்று தாய்மார் தடுக்கலாகாது. குழந்தை அமைதியாயிருக்கும்போதும் விலாக் குழிவு நிற்காமல் தென்பட்டால் தாமதமின்றி டாக்டரிடம் காட்டவேண்டும்.

நாடித்துடிப்பும் இவ்வாறே. பெரியவருக்கு நிமிஷத்திற்கு 60 முதல் 100 வரை. பிறந்த சிசுவுக்கு 120 முதல் 160 வரை இயல்பு. கைக்குழந்தையின் மணிக்கட்டு கொழுத்து மடிந்திருப்பதால் அங்கே நாடி எளிதில் அகப்படாது. முழங்கைக்கு மேல், கையின் உட்புறத்தில் விரலை வைத்துப் பார்க்கவேண்டும், அல்லது மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒரு முழு நிமிஷம் எண்ணவேண்டும்.

இரத்த அழுத்தத்தைப் பற்றிச் சற்று நின்று யோசிக்கவேண்டும். பெரியவர்களுக்கு அழுத்தம் பார்ப்பதே முதற் காரியமாகிவிட்டது. ஆகையால் பேதியாற் சோர்ந்த குழந்தைக்கும் அழுத்தம் சரியாயிருக்கிறது என்று கேட்டவுடன் வீட்டார் நிம்மதியடைந்து திரும்பிவிட எண்ணுகின்றனர். நமது சங்கங்களின் அனுபவத்திலிருந்தே இதற்கொரு உதாரணம் காட்டலாம். கடன் வாங்கிய ஒரு குடும்பம் ஒரு தவணையும் தவறாமல் கட்டிவருகிறது. பேரேட்டைப் பார்க்கும் காரியதரிசிக்குக் குறையொன்றும் தென்படவில்லை. வீட்டினுள்ளோ முதலில் தோடு, பிறகு அண்டா குண்டா, பிறகு உழவுமாடு என்று ஒவ்வொன்றாக விற்றுத்தான் தவணை கட்டப்படுகிறது. விற்க ஒன்றுமில்லாத நாளிலே தவணை தவறுகிறது. தவறிய அன்றே குடும்பம் முழுகிவிடுகிறது. குழந்தையின் இரத்த அழுத்தமும் இத்தகையதே. நீரோ இரத்தமோ குறையும்போது, குழந்தையின் தேகம் கைகால்களுக்குப் போகும் இரத்தக்குழாய்களைச் சுருக்கியும் இருதயத்தை விரைவாக ஓட்டியும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. தேகத்திலுள்ள இரத்தத்தில் நாலில் ஒரு பங்கு போனபின்னும் அழுத்தம் சரியாகவே காட்டக்கூடும். அது இறங்கினால் கடைசிக் கட்டம் வந்துவிட்டதென்று பொருள்.

ஆகையால் பேரேட்டை விட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல, நர்ஸ் வேறு அடையாளங்களைத் தேடுகிறார். பாதங்கள் சில்லிட்டிருக்கின்றனவா? விரல்நகத்தை அழுத்தி வெளுக்கச் செய்து விட்டால், சிவப்பு இரண்டு வினாடிக்குள் திரும்புகிறதா? நாடி விரைந்து மெலிந்திருக்கிறதா? கண்கள் குழிந்திருக்கின்றனவா? தண்ணீர் காட்டினால் ஆவலோடு பாய்ந்து குடிக்கிறதா, அல்லது குடிக்கவே திராணியற்றுக் கிடக்கிறதா? வயிற்றின் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிகிறதா, இரண்டு வினாடிக்கு மேலும் மடிப்பாகவே நிற்கிறதா? பேதி கண்ட குழந்தையின் ஆபத்தை இவையே உரைக்கும். முதியவருக்கு இந்தத் தோல் பரிசோதனை பொருந்தாது; வயதினாலேயே தோல் தளர்ந்திருப்பதால், நீர்க்குறைவில்லாத போதும் மடிப்பு நிற்கும். மிக மெலிந்த குழந்தையிடமும் இது ஏமாற்றக்கூடும்.

அழுத்தம் பார்க்கவேண்டிய குழந்தைக்குப் பெரியவரின் கைப்பட்டையைச் சுற்றலாகாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். பட்டையினுள்ளிருக்கும் காற்றுப்பையின் அகலம் கையின் சுற்றளவில் நூற்றுக்கு நாற்பது பங்கு இருக்கவேண்டும். பெரிய பட்டை குறைத்துக் காட்டும். சிறிய பட்டை ஏற்றிக் காட்டும்.

தலையின் உச்சிக்குழி பெரியவரிடம் இல்லாத ஒரு ஜன்னல். முன் உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள் மூடிக்கொள்ளும். அதுவரையில் அது உள்ளே நடப்பதைத் தொட்டுணர உதவுகிறது. குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, அழாத சமயத்தில் தொடவேண்டும். குழிந்திருந்தால் நீர்க்குறைவு, சுரத்தோடு புடைத்து இறுகியிருந்தால் மூளையுறை அழற்சியைச் சந்தேகிக்க இடமுண்டு. அழும்போது இயல்பாகவே சற்று எழும்பும். அதனைக் கண்டு மருளவேண்டுவதில்லை.

எடையெடுப்பது பெரியவருக்கு ஒரு செய்தி மாத்திரம். குழந்தைக்கோ அதுவே மருந்தின் அளவு. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஆறு கிலோ குழந்தைக்கு 60 முதல் 90 மில்லிகிராம் வரையே ஆகும். பெரியவர் விழுங்கும் 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பதென்பது, பாதிதானே என்று தோன்றினாலும், உயர்ந்த அளவினும் ஏறக்குறைய மூன்று மடங்கைக் கொடுப்பதாகும். எடை அறியாமல் மருந்து கொடுக்க நர்ஸ் மறுத்தால் அது பிடிவாதமன்று. மேலும், பெரியவரை ஒரு நாள் நிறுத்திப் பார்த்தால் போதும். குழந்தையின் எடையை மாதாமாதம் புள்ளியிட்டு, கோடு மேலே போகிறதா என்று பார்க்கவேண்டும். நமது மாகாணத்தில் 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்தது இக்காரணம் பற்றியே. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையில் புஜத்தின் நடுச்சுற்றளவையும் நாடாவால் அளப்பர், 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடுமையான ஊட்டக்குறைவு. உடம்பு வீங்கிக் கொழுகொழுவென்று தோன்றும் குழந்தையின் பாதத்தை நர்ஸ் விரலால் அழுத்திப் பார்ப்பதும் இதற்காகவே. குழி விழுந்தால் அது கொழுப்பன்று, நீர்.

இரண்டு மாதம் நிறையாத சிசுவின் விஷயம் தனி. பிறந்த முதல் நிமிஷத்திலும் ஐந்தாம் நிமிஷத்திலும், இருதயத் துடிப்பு, சுவாசம், தசையின் திடம், தூண்டலுக்கு அசைதல், தோலின் நிறம் ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் இட்டுப் பார்க்கும் முறையை வர்ஜீனியா ஆப்கார் என்னும் அமெரிக்க டாக்டர் 1952-ல் ஏற்படுத்தினார். இன்றும் பிரசவ அறைகளில் அதுவே நடக்கிறது. அதன் பின்னரும் இச்சிசுவுக்கு நோய் வந்தால் இருமலோ, வலியென்ற அழுகையோ எச்சரிக்கை செய்யாமல் இருக்கக்கூடும். பாலை விட்டுவிடுதலே சில சமயம் ஒரே அடையாளம். பெரியவருக்குக் கடும் நோயென்றால் சுரம் ஏறுமென்று எதிர்பார்க்கிறோம்; சிசுவுக்கோ உடம்பு சில்லிடுவதும் அதே அளவு கேடு. அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 37.5 டிகிரியோ அதற்கு மேலோ காட்டினாலும், 35.5-க்குக் கீழே காட்டினாலும், இரண்டையுமே ஆபத்தென்று கொண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவர்.

பெரியவர் தம் நோவை வாயாற் சொல்கிறார். பேசாத குழந்தையின் முகச்சுளிப்பு, கால்களை மடக்கி உதைத்தல், உடலின் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்பது ஆகிய ஐந்தையும் பார்த்து நோவின் அளவைக் கணிக்கும் முறை 1997 முதல் வழங்கிவருகிறது. அதனினும் பழைய சாட்சி ஒருத்தி உண்டு. குழந்தை இன்று வழக்கம்போல் இல்லை என்று தாய் சொன்னால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், அச்சொல்லைத் தக்க நர்ஸ் குறித்துக்கொள்வார். ஆகையால் குழந்தையை நாள் முழுதும் வைத்திருப்பவரே உடன் போகவேண்டும். தகப்பனார் அயலூரிலிருந்து வந்து அவசரமாகத் தூக்கிக்கொண்டு போனால், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்ற கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. பள்ளி செல்லும் பிள்ளையிடமோ நேரே கேட்கவேண்டும். பக்கத்திலிருக்கும் பெரியவர்கள் முந்திக்கொண்டு பதில் கூறுவது பெரிய இடையூறு. பருவமடைந்த பெண்ணையும் பையனையும் சிறிது நேரம் தனித்து வைத்துப் பேச நர்ஸ் விரும்பினால், வீட்டார் அதனை அவமதிப்பாகக் கருதவேண்டா.

குழந்தையைப் பார்த்து, மருந்து கொடுத்து, வீட்டுக்கு அனுப்பும்போது, எந்நிலையில் மறுபடி உடனே வரவேண்டுமென்று நர்ஸ் சொல்லியனுப்புகிறார். குடிக்கவோ பால் அருந்தவோ முடியாமை, உட்கொண்டதெல்லாம் வாந்தியாதல், வலிப்பு, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், மூச்சு விரைதல் அல்லது திணறல், பேதியில் இரத்தம் என்பவை அவை. இவற்றுள் ஒன்று இரவு இரண்டு மணிக்குக் கண்டாலும் விடியட்டுமென்று இருக்கலாகாது. 108-க்குச் சொல்லியனுப்பிவிட்டு, வண்டி வரும்வரை குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்துக் கதகதப்பாக வைத்து, விழுங்கக்கூடிய நிலையிலிருந்தால் தாய்ப்பாலைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டும், எடையெழுதிய அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டும் இருக்கவேண்டும்.